பன்னிரண்டுக்கு ஒன்று

ஐந்தாவது வீட்டுச் சுவரிலும் கடிகாரம் தொங்கியதைப் பார்த்ததும் பெரியகருப்பன் பேனாவை மூடிவிட்டான்.

முதல் வீட்டில் அதைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் எழுதிக்கொண்டான். சுவர்க் கடிகாரம் ஒன்று, கிணறு ஒன்று, உழவு மாடு இரண்டு ஜோடி. இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில் 'பரவாயில்லையே, வசதியான ஊர்' என்று நினைத்தான். நாலாவது வீட்டில் பேனாவை மூடித் திறந்தான். இப்போது ஐந்தாவது வீட்டில் அதே உயரத்தில், உச்சியில் சிலுவை வைத்த அதே கடிகாரம் டங் டங் என்று பதினொன்று அடித்தது.

"ஏங்க, இந்த ஊர்ல எல்லா வீட்லயும் கடிகாரம் இருக்குமா?" என்று பக்கத்தில் நின்ற உபதேசியார் சூசைமாணிக்கத்தைக் கேட்டான்.

ஆவூரிலிருந்து சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்லிக்கொடுப்பதும், வழக்குத் தீர்ப்பதும், வெளியூர் ஆட்களைக் கவனித்துக்கொள்வதும் உபதேசியார்தான்.

"எல்லா வீட்லயும் எப்படிங்க இருக்கும்? மொத்தமே பன்னெண்டுதான்" என்றார் அவர். "வெள்ளக்காரச் சாமியார் இந்த ஊர அமைச்சப்ப பன்னெண்டு அப்போஸ்தலருக்கும் ஆளுக்கொரு தெருப் போட்டாரு. தெருவுக்குப் பன்னெண்டு வீடு. மொத வீடு தெருக் காரியக்காரர் வீடு. அவருதான் தெருச் சனத்தப் பூசைக்குக் கெளப்பணும். அதுக்காக அவருக்கு மட்டும் ஒரு கடிகாரம். கிணறும் அவரு பொறுப்பு."

"நான் பார்த்த அஞ்சு வீடும்?"

"இராயப்பர் தெரு மொத வீடு, பெலவேந்திரர் தெரு மொத வீடு, சந்தியாகப்பர் தெரு மொத வீடு, அருளப்பர் தெரு மொத வீடு, இது தோமையார் தெரு. நானும் நெனச்சேன், ஐயா நல்ல வீடாப் பாத்துத்தான் போறாகன்னு."

பெரியகருப்பன் நல்ல வீடாகப் பார்த்துப் போகவில்லை. அதுதான் கொடுமை. மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு வீடு. பன்னிரண்டு வீட்டை விசாரிக்க வேண்டும். அப்படியென்றால் பன்னிரண்டுக்கு ஒன்று. எந்த வீட்டில் தொடங்குவது என்பதை மட்டும், வெறும் எண்களாகவே அச்சடித்த ராண்டம் நம்பர் புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். விரல் ஒன்றில் விழுந்தது. ஆகவே ஒன்று, பதின்மூன்று, இருபத்தைந்து என்று நேர்மையாகப் போனான். தெருவுக்குப் பன்னிரண்டு வீடு உள்ள ஊரில் பன்னிரண்டு பன்னிரண்டாகத் தாண்டினால் ஒவ்வொரு தெருவிலும் ஒரே மூலையில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும் என்பது புத்தகத்தில் இல்லை.

அவன் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1958-ஆம் வருஷம் அது. திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்தில் பிறந்தும் கடைக்குப் போகமாட்டேன் என்று முரண்டு பிடித்து, திருச்சியில் ஊர்நிலவர ஆய்வு செய்யும் ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தவன். முதல் ஊரில் பஸ் ரோட்டை ஒட்டிய வீடுகளிலேயே விசாரணையை முடித்தான். அந்த ஊரில் எல்லாருக்கும் காப்பிக் கடைதான் தொழில் என்று அறிக்கை வந்தது. இரண்டாவது ஊரில் பகல் பன்னிரண்டு மணிக்குப் போனான். வயலுக்குப் போகமுடியாதவர்கள்தான் வீட்டில் இருந்தார்கள். அறுபது வயதுக்குக் கீழே அந்த ஊரில் ஆளே இல்லை என்று அறிக்கை வந்தது.

சூப்பிரண்டு சோலையப்பன் அவனை நிற்க வைத்துப் பேசினார்.

"ரசத்தக் கலக்காம மேலாக மொண்டா வெறும் தண்ணி. அடியில மொண்டா வெறும் பருப்பு. நல்லாக் கலக்கி ஒரு கரண்டி மொண்டு பாத்தாத்தான் அண்டாவோட ருசி தெரியும். அதுதான்யா இந்த சயின்ஸ். நொச்சிக்கரைன்னு ஒரு ஊர் தர்றேன். இதுலயும் ஒருபக்கமாச் சாஞ்சேன்னா வீட்டுக்குப் போயிரு."

வீடு என்றால் மாமனாரின் ஜவுளிக்கடை. மனைவி அலமேலு போன வாரம்தான் எழுதியிருந்தாள்: 'அப்பா கடையில் உங்களுக்கென்று ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருக்காக. அவசரமில்லையாம்.' அந்த 'அவசரமில்லையாம்' பெரியகருப்பனின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நொச்சிக்கரை பிசகினால் முக்காலிதான். ஆயுசு முழுக்க மாமனாருக்கு எதிரில், மூன்றே கால்.

கீரனூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மாட்டுவண்டி ஒன்று நிழலில் காத்திருந்தது. வண்டிக்காரர் மைக்கேல்சாமி அவனுடைய தோள் பையையும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தாள்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

"கணக்கெடுக்க வந்த ஐயாதானே? ஏறுங்க."

"நொச்சிக்கரை போகணும். வழி..."

"கணக்கெடுக்கற ஊருக்கு வழி நான் எதுக்குங்க சொல்லணும்? மாட்டுக்கே தெரியும்" என்றார். மாட்டுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர் தூங்கிக்கொண்டே வந்தார். வண்டி கோயில் வாசலில் தானாக நின்றது.

வந்த முதல் நாளிலேயே ஊர் அவனுக்குப் பிடித்துவிட்டது. அறுப்பு லீவில் பூட்டியிருந்த பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் தெளித்து, பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் பாய் விரித்து வைத்திருந்தார்கள். உபதேசியார் மனைவி வியாகுலமேரி மூன்று வேளையும் சோறு அனுப்பினாள். வீட்டுக்கு வீடு எண் எழுதப் போனபோது நிலைக்காலில் நீலத்தில் ஓர் எண், காவியில் ஓர் எண், தாரில் ஓர் எண் என்று இருந்தன.

"மலேரியா மருந்தடிக்க வந்தவுக, அம்மை குத்த வந்தவுக, ஒங்களாட்டம் வந்தவுக. யாராச்சும் எழுதிக்கிட்டே இருப்பாகங்க" என்றார் உபதேசியார். கிடைத்த இடத்தில் பெரியகருப்பனும் சுண்ணாம்பால் எழுதினான். இத்தனை சின்ன ஊரைச் சர்க்கார் மறக்காமல் இருக்கிறதே என்று அவனுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அந்த மகிழ்ச்சிதான் ஐந்தாவது கடிகாரத்தில் போனது. ஐந்து தாளையும் ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி புத்தகத்தை எடுத்துக் கண்ணை மூடித் திறந்தான். விரல் பன்னிரண்டில் விழுந்தது. பன்னிரண்டு, இருபத்து நான்கு, முப்பத்தாறு. மூலை வீட்டிலிருந்து தப்பியாயிற்று என்று மூச்சு விட்டான்.

பன்னிரண்டாவது வீட்டில் இரண்டே பேர். இருபதைத் தாண்டாத ஒருவனும், கதவுக்குப் பின்னால் வளையல் சத்தமும்.

"குழந்தைங்க எத்தனை பேருங்க?"

வளையல் சத்தம் உள்ளே ஓடியது. வீட்டுக்காரன் கூரையைப் பார்த்தான். "அடுத்த வருசம் வந்தீங்கன்னா எழுதிக்கலாங்க."

இருபத்து நான்காவது வீட்டிலும் இரண்டு பேர். போன முப்பது நாளில் வாங்கியவை: பவுடர் டப்பா, முகம் பார்க்கும் கண்ணாடி, மல்லிகைப்பூ. சினிமா ஐந்து தடவை. முப்பத்தாறாவது வீட்டில் இரண்டு பேர், சினிமா ஏழு தடவை. நாற்பத்தெட்டாவது வீட்டில் நடுப்பகலில் கதவைத் தட்டத் தட்ட யாரும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "சாயங்காலமா வாங்க தம்பி, ஒங்களுக்கும் கல்யாணம் ஆயிருச்சுல்ல?" என்றார்.

பெரியகருப்பன் சிவந்துபோய் உபதேசியாரைத் தேடி ஓடினான்.

"கடைசி வீடு தெருவுக்குப் பொதுங்க" என்று அவர் விளக்கினார். "புதுசாக் கல்யாணம் ஆனவுக ஒரு வருசம் தனியா இருந்துக்கலாம். மொதப் புள்ளைக்கு ஞானஸ்நானம் ஆனதும் அடுத்த சோடிக்கு விட்டுரணும். இந்தத் தையில ஒரே பூசையில பன்னெண்டு கல்யாணம். இப்ப எல்லா வீடும் நெறஞ்சிருக்கு."

மாமியார் தொல்லை இல்லாமல் ஒரு வருஷம்! எந்தச் சட்டசபையில் யார் யோசித்திருக்கிறார்கள் இதை? ஊரின் அறிவை நினைத்து அவனுக்கு உள்ளம் நெகிழ்ந்தது. அலமேலுவுக்கு எழுத வேண்டும் என்றுகூட நினைத்தான். ஆனால் அறிக்கை என்னவாகும்? இந்த ஊர் மக்கள் மல்லிகைப்பூவும் சினிமாவுமாக வாழ்கிறார்கள், முதியோரும் குழந்தைகளும் கிடையாது என்று போகும். முக்காலி ஓரடி நெருங்கி வந்து நின்றது.

"எண்ணித் தாண்டறதே வேண்டாங்க" என்றான். "எல்லா வீட்டு நம்பரையும் சீட்டுல எழுதிக் கலந்து, பாக்காம பன்னெண்டு எடுக்கணும். ரசத்தக் கலக்கற மாதிரி."

உபதேசியார் முகம் மலர்ந்தது. "இத மொதல்லயே சொல்லக்கூடாதாங்க? நாங்க எப்பவும் செய்யறதுதானே!"

கோயில் முகப்பில் அதற்கென்றே ஒரு வாயகன்ற பானை இருந்தது. நூற்று நாற்பத்து நான்கு ஓலை நறுக்கு உள்ளே கிடந்தது. சூசையப்பர் சுரூபம் மாதம் ஒரு வீட்டுக்கு எழுந்தருளும். எந்த வீடு என்பதைப் பானையைக் குலுக்கித்தான் எடுப்பார்கள். பணக்காரன், ஏழை, காரியக்காரன் என்று கிடையாது. பானை சொன்னால் சொன்னதுதான். பெரியகருப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சோலையப்பன் சார் மூன்று மாதம் பாடம் நடத்தியதை இவர்கள் ஒரு மண்பானையில் அறுபது வருஷமாகச் செய்துவந்திருக்கிறார்கள்!

அன்று சாயங்காலம் மணி அடித்து ஊரைக் கூட்டினார்கள். பெரியகருப்பன் படியில் ஏறி நின்றான்.

"நொச்சிக்கரைப் பெருமக்களே!"

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பின்வரிசையில் ஒருவர் திரும்பிக்கூடப் பார்த்தார். உபதேசியார் சட்டென்று, "சொல்லுங்கய்யா, நாங்கதான்" என்றார். என்ன அடக்கமான ஜனம் என்று நினைத்துக்கொண்டான் பெரியகருப்பன். பெருமக்கள் என்று இவர்களை யாரும் அழைத்ததில்லை போலிருக்கிறது.

பானையைக் குலுக்கிப் பன்னிரண்டு ஓலை எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தில் ஒரு குலவை எழுந்தது. குலவை எதற்கு என்று அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஐம்பத்தெட்டாம் வீட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். எழுந்தபோது சட்டை முதுகு வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தார்கள். வாசலில் வாழைமரம். உள்ளே கூட்டம்.

"வீட்டுல மொத்தம் எத்தனை பேருங்க?"

"நேத்து வரைக்கும் அஞ்சு பேருங்க. இப்பக் கீரனூர்லேருந்து மச்சான் வீட்டு ஆளுக வந்திருக்காக, பதினேழு."

"என்ன விசேஷம்?"

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க? பானையில எங்க வீடு வந்திருக்கு! சூசையப்பரு வந்தா என்ன, அவரு அனுப்பி வச்ச நீங்க வந்தா என்ன?"

ஒரு மாலை விழுந்தது. 'போன ஏழு நாளில் சமைத்த கோழி' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, "ஆறு நாளாக் கோழியே இல்லீங்க, இன்னைக்கு நாலு" என்று பதில் வந்தது. இப்படியே பன்னிரண்டு வீடும். நாலாவது வீட்டில் மேளம் வைத்திருந்தார்கள். ஏழாவது வீட்டுக்காரர் தன் அதிர்ஷ்டத்தை ஆசையோடு கேட்ட தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டதால், மூன்று தெரு தள்ளி அவள் வீட்டில் விருந்து நடந்தது. பெரியகருப்பன் பன்னிரண்டு விருந்தையும் தின்றுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு வந்து, பெஞ்சில் படுத்து, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, அழலாமா என்று யோசித்தான். கடிகார ஊர், மல்லிகைப்பூ ஊர், இப்போது கோழி ஊர். ஒரே ஊருக்கு மூன்று முகம். உண்மை முகம் எது என்று மட்டும் தெரியவில்லை.

வாசலில் யாரோ இருமினார்கள். எண்பத்து மூன்றாம் வீட்டு ஜெபமாலையம்மாள். நடுவயசு, இடுப்பில் கருக்கரிவாள், நேராக வயலிலிருந்து வந்திருந்தாள்.

"ஒரு நாயம் கேக்கலாம்னு வந்தேங்க. இருபது வருசமா எங்க வீட்டு ஓல பானையிலேருந்து வரல. அது சூசையப்பரு இஷ்டம், விட்டுட்டேன். நீங்க பன்னெண்டு வீட்டக் கேட்டுட்டு ஊரையே கேட்டேன்னு எழுதிருவீங்களாமே? அப்ப எங்க வீடு ஊருல இல்லயா? எங்க அடுப்புல ஒல கொதிக்கறது கொதிக்கறது இல்லயா?"

பெரியகருப்பன் வாயைத் திறந்தான். ரசத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று பார்த்தான். வெயிலில் கறுத்த அந்த முகத்தைப் பார்த்து ரசம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. திடீரென்று பெஞ்சை விட்டு எழுந்தான்.

"நாளைக்குக் காலைல ஒங்க வீட்டுக்குத்தான் வர்றேன், அம்மா. சுண்ணாம்பு அடிக்காதீங்க. கோழி பிடிக்காதீங்க. அதுக்கப்புறம் எல்லா வீட்டுக்கும் போறேன். ஒண்ணு விடாம!"

எல்லா வீட்டையும் விசாரித்துவிட்டால் எந்தப் பக்கம் சாய முடியும்? சாய்வதற்கு மிச்சம் ஏது? இத்தனை எளிய வழி யாருக்கும் தோன்றவில்லையே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சொன்னபடி செய்தான் என்பதுதான் பெரிய விஷயம். பத்தொன்பது நாள். விடியற்காலையில் ஆட்கள் வயலுக்குக் கிளம்புமுன் நாலு வீடு, பொழுது சாய்கிறபோது நாலு வீடு. நடுப்பகலில் களத்துமேட்டுக்கே போய் நின்று எழுதினான். செருப்பு அறுந்தது. இருமல் பிடித்தது. கடிகார வீட்டிலும் புதுமணத் தம்பதி வீட்டிலும் மறுபடி முதலிலிருந்து கேட்டான். உறவுக்காரர் ஊர் திரும்பும் வரை காத்திருந்து கோழி வீடுகளுக்கும் போனான். சோம்பேறி என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியவன்தான் அவன். ஒரு பெண்பிள்ளை கேட்ட ஒரு கேள்வி ஒருவனை எப்படித் திருத்திவிடும் என்பதற்கு அவனைத்தான் காட்டவேண்டும்.

ஊரும் அவனைக் கைவிடவில்லை. அப்படிப் பதில் சொல்லும் ஜனங்களை அவன் பார்த்ததே இல்லை. மற்ற ஊர்களில் 'போன ஏழு நாள்' என்றால் போன தீபாவளியிலிருந்து ஆரம்பிப்பார்கள். இங்கே எண்ணெய் இத்தனை, உப்பு இத்தனை, விறகு இத்தனை என்று பூசை மந்திரம்போல ஒப்பித்தார்கள். வியாகுலமேரி ஒரு படி மேலே போனாள்.

"துணிமணி எவ்வளவு வாங்கினீங்கம்மா?"

"அதுக்கு முன்னாடி வெளக்கெண்ணெ கேக்கணுமேங்க. துணி அடுத்த பக்கத்துல வரும்."

திருப்பிப் பார்த்தான். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கெண்ணெய் நடுவில் மாட்டியிருந்தது.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"சோறு பொங்கறவளுக்கு எதுக்கப்புறம் எதுன்னு தெரியாதுங்களா?" என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு தாளின் உச்சியை எட்டிப் பார்த்தாள். "மேல என்னங்க எழுதியிருக்கு?"

"நொச்சிக்கரை. ஊர் பேரு."

"நல்ல பேருங்க" என்றாள் வியாகுலமேரி.

பள்ளிக்கூடம் பார்த்தறியாத கிராமத்துப் பெண்களுக்கு இத்தனை கூர்மையா என்று பெரியகருப்பன் வியந்து போனான். கடைசியாக ஊர்ப் பொதுத்தாள் ஒன்று இருந்தது. கிணறு எத்தனை, தச்சர் எத்தனை, வாத்தியக் கருவி எத்தனை என்று இருபது கேள்வி. அதை உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு, கேள்வியை வாசிக்கும் முன்பே வரிசையாகச் சொல்லி முடித்தார்.

இருபத்தைந்தாம் நாள் சூப்பிரண்டு சோலையப்பன் மைக்கேல்சாமி வண்டியில் வந்து இறங்கினார். அவர் பொதுவாக வெளியூர் வருபவர் அல்ல. பல வருஷமாக எல்லா ஊரையும் மேசையிலிருந்தே பார்த்தவர். பெரியகருப்பனின் ராசி, இந்தத் தடவை நேரிலேயே வந்துவிட்டார். மேசைமேல் அடுக்கியிருந்த தாள் கட்டைப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"நூத்தி நாப்பத்து நாலு வீடு, சார்."

"பன்னெண்டுதானேய்யா கேட்டேன்? ஒரு கரண்டி மொண்டு பாக்கச் சொன்னா அண்டாவோட குடிச்சுட்டு நிக்கிறியேய்யா!"

பெரியகருப்பன் தாள் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டான். கடிகாரம், கல்யாண வீடு, கோழி, ஜெபமாலையம்மாள் என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். மறைக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. "தப்புன்னா வீட்டுக்கு அனுப்பிருங்க சார். ஆனா இந்தக் கட்டுல சாய்வு கிடையாது. இந்த ஊர் எப்படி இருக்கோ அப்படியே இருக்கு" என்று முடித்தான்.

சோலையப்பன் பையிலிருந்து நாலாக மடித்த நீளத் தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"குடும்பத்துக்குச் சராசரி எத்தனை பேர்?"

"அஞ்சேகால், சார்."

சூப்பிரண்டின் விரல் தாளில் ஓரிடத்தில் நின்றது. "கிணறு?"

"பன்னெண்டு."

"தச்சர்?"

"ரெண்டு பேர்."

"ரெட்டைப் பிள்ளைங்க?"

"மூணு சோடி, சார்."

"ஆர்மோனியம்?" அவர் பெஞ்சு நுனிக்கு வந்துவிட்டார்.

"ஒண்ணு. கோயில்ல பாடறவர் வீட்டுல."

சோலையப்பன் எழுந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். பிறகு பெரியகருப்பனின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"டேய் தம்பி, இந்தச் சுத்துவட்டாரத்துல இதுவரைக்கும் பதினோரு ஊர் எடுத்திருக்கோம். ஏழு வருசத்துல. அஞ்சு வேற வேற ஆளு. ஒருத்தர ஒருத்தர் பாத்ததுகூட இல்ல. பதினோரு ஊர்லயும் அஞ்சேகால்! பன்னெண்டு கிணறு! மூணு சோடி ரெட்ட! ஒரு ஆர்மோனியம்! வட்டாரத்துக்கு வட்டாரம் ஒரு இயற்கை விதி இருக்குன்னு நான் கட்டுரை எழுதினேன். மெட்ராசுல அச்சுல வந்துச்சு. அதுக்குத்தான் எனக்குச் சூப்பிரண்டு வேலையே குடுத்தாங்க. ஒரே ஒருத்தர் மட்டும், பன்னெண்டு வீட்டப் பாத்து ஊரச் சொல்லமுடியுமான்னு கேலி பண்ணினாரு. இப்ப நீ ஊர் முழுக்கப் பாத்துட்டு வந்து நிக்கிறே. அதே அஞ்சேகால்! அதே ஆர்மோனியம்! சயின்ஸ்னா என்னன்னு இப்பத் தெரியுதா?"

தெரிந்தது. பெரியகருப்பனுக்கு உடம்பு புல்லரித்தது. பன்னிரண்டு ஊர், காடும் மேடுமாகச் சிதறிக் கிடக்கிறவை, ஒன்றுக்கொன்று தெரியாமல், ஒரே ஒழுங்கில் பிறந்து, வளர்ந்து, ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருக்கின்றன!

"அடுத்த மாசம் ஒனக்கு பெர்மனென்ட்" என்றார் சோலையப்பன். "நானே கைப்பட எழுதறேன்."

அன்றைக்கே அலமேலுவுக்கு ஒரு கார்டு எழுதினான். 'முக்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். அவசரம்.'

ஊரே திரண்டு வழியனுப்பியது. ஜெபமாலையம்மாள் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து வண்டியில் வைத்து, "எழுதிக்கிட்டீங்கள்ல? எங்க வீடும் ஊருல இருக்குல்ல?" என்று கேட்டாள். "மொத வீடே ஒங்க வீடுதாம்மா" என்றான் பெரியகருப்பன். நேர்மையான மனிதர்கள். இருப்பதை இருப்பதாகச் சொன்னவர்கள். உப்பில்கூட ஒரு கல் கூட்டிச் சொல்லவில்லை. வியாகுலமேரி கட்டுச்சோறு கொடுத்தாள். உபதேசியார், "அடுத்த வாட்டி வாரப்ப வீட்டம்மாவையும் கூட்டியாங்க" என்றார்.

"அடுத்த தடவை வேற ஊர் குடுப்பாங்களே" என்றான் அவன்.

"அதுக்கென்னங்க, வாங்க" என்றார் அவர்.

வண்டி கிளம்பியது. மேடு ஏறியதும் தூரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாறையும் முள்ளுமாக ஒரு பொட்டல் தெரிந்தது. நடுநடுவே சில கூரைகள். பெரியகருப்பன் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. சோலையப்பன் இன்னும் அந்த நீளத் தாளை மடியிலிருந்து எடுக்கவில்லை. பதினோரு வரிசைக்குப் பக்கத்தில் பன்னிரண்டாவதாக 'நொச்சிக்கரை' என்று அழகாக எழுதி, மை காய ஊதினார். சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது அவருக்கு.

"பெரியவரே, ஒங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன் கேளுங்க. பன்னெண்டு ஊரு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மூலை. ஆனா எல்லா ஊர்லயும் பன்னெண்டு கிணறு, மூணு சோடி ரெட்டப் புள்ள, ஒரே ஒரு ஆர்மோனியம். இம்மி பிசகல. எப்படி இவ்வளவு பொருத்தமா இருக்கும், சொல்லுங்க பாப்போம்?"

மைக்கேல்சாமி மாட்டின் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல என்னங்க அதிசயம்? அந்தப் பன்னெண்டு ஊருக்கும் வண்டிப்பாதை கெடயாது. கணக்கெடுக்க வர்ற ஐயாமாருக எல்லாரையும் நான் எங்க ஊருக்குத்தானே கூட்டியாரேன்!"